எஸ்.எம்.பி.எஸ்.: 700 ரூபாயா, 3,000 ரூபாயா?

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். மதர்போர்டோ ஹார்ட் டிஸ்கோ போய்விட்டது என்றால் வாடிக்கையாளர் எந்த கம்பெனி நல்லது, எத்தனை வருஷம் வாரண்டி என்று நாலு கேள்வி கேட்பார். எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்றால் ஒரே பதில்தான் வரும்: "இருக்கிறதிலேயே குறைஞ்ச விலையில ஒண்ணு போட்டுக் குடுங்க." அவரைக் குறை சொல்ல முடியாது. கேபினட்டின் பின்மூலையில் கிடந்து கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் தகரப் பெட்டி அது. அதை மாற்றினால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடாது, திரையில் எதுவும் அழகாகத் தெரியாது. 700 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 3,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டின் மேலும் 450 வாட் என்றே போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு 2,300 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. பூதலூர், செங்கிப்பட்டி, திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் சோறு போடுகிற கம்ப்யூட்டர் எதுவாக இருந்தாலும் 3,000 ரூபாய்ப் பெட்டிதான் சரி என்பது என் முடிவு. அதற்கான காரணம் கம்ப்யூட்டருக்குள் இல்லை, தெருவில் நிற்கிற மின்கம்பத்தில் இருக்கிறது.

வீட்டுக்கும் கடைக்கும் வரவேண்டியது 230 வோல்ட். மேலும் கீழும் 6 சதவீதம் நகரலாம் என்பது நெடுநாளைய விதி. அதாவது 216 முதல் 244 வரை. தஞ்சாவூர் டவுனில் மீட்டரை வைத்தால் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் காட்டும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அப்படி இல்லை. கல்லணைக் கால்வாய், நம் ஆட்கள் சொல்கிற புது ஆறு, ஊரை ஒட்டி ஓடினாலும் அதன் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் தெற்கே நிறைய உண்டு. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காத வருஷங்களில் ஆற்றுப் பாசன வயலுக்கும் போர்வெல்தான் கதி. 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். மும்முனை மின்சாரம் வந்த உடனே தானாகக் கிளம்பட்டும் என்று ஸ்டார்ட்டரில் ஆட்டோ ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். நள்ளிரவில் வயலுக்குப் போய் பாம்புக்கு நடுவே ஸ்விட்ச் போடவேண்டாம் என்று வைத்தது அது. கரண்ட் வந்ததும் ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் சேர்ந்து கிளம்பினால், அதே டிரான்ஸ்பார்மரில் லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் டியூப் லைட் டிம் ஆகும், மீட்டர் 170, 180 என்று காட்டும். தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் 1990 முதல் மின்சாரம் இலவசம். இந்த மண்ணுக்கு அது தேவையான உதவி, மோட்டாரைப் பழிப்பது என் நோக்கமில்லை. மோட்டாரும் கம்ப்யூட்டரும் ஒரே கம்பியில் வாழவேண்டிய ஊர் இது என்பதை எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது மறக்கக்கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

இந்த லோ வோல்டேஜ் பெட்டிக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை வித்தியாசத்தின் பாதி நியாயம் இங்கேதான் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். முதலில் 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கி, கட்டைவிரல் பருமனுள்ள பெரிய கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. 230 என்பது ஆர்.எம்.எஸ். என்ற ஒருவகைச் சராசரி அளவு, அலையின் உச்சி 325. அதனால் கெப்பாசிட்டரில் நிற்பது 325 வோல்ட்டை ஒட்டி இருக்கும். அங்கிருந்து வெட்டி வெட்டி அனுப்பித்தான் 12, 5, 3.3 வோல்ட்டுகளை எடுக்கிறது. லைனில் கரண்ட் ஒரு கணம் நின்றால் கெப்பாசிட்டரில் இருக்கும் சேமிப்புதான் கம்ப்யூட்டரைத் தாங்க வேண்டும். இன்டெல் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுகோலும் அதன் பின்வந்த திருத்தங்களும் இப்படித் தாங்கவேண்டிய நேரத்தைச் சுமார் 16, 17 மில்லி செகண்ட் என்று வைத்திருக்கின்றன. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழு அலைக்கு 20 மில்லி செகண்ட். ஆக, ஒரு அலை கிட்டத்தட்ட முழுசாக விழுந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியக்கூடாது. இப்போது கணக்கைப் பாருங்கள். கெப்பாசிட்டரில் தேங்கும் ஆற்றல் வோல்ட்டேஜின் இருபடியைப் பொறுத்தது. 230 வரவேண்டிய இடத்தில் 170 வந்தால் சேமிப்பு ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். அந்தப் பாதியிலும் பெட்டியால் பயன்படுத்த முடிவது ஒரு பங்குதான், ஏனென்றால் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் 12 வோல்ட்டைப் பிடித்து நிறுத்த முடியாது. விலை குறைந்த பெட்டியில் கெப்பாசிட்டரும் சின்னது. மோட்டார் ஓடும் நேரத்தில் ஒரு சின்ன வெட்டு விழுந்தால் அதனால் தாங்க முடியாது, மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். கொஞ்சம் விலை கூடிய பெட்டிகளில் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற சர்க்யூட் உண்டு. வருவது 230 ஆனாலும் 170 ஆனாலும் அது உள்ளே 380 வோல்ட்டை ஒட்டி ஏற்றி நிறுத்திவிடுகிறது. லைன் இறங்கினாலும் சேமிப்பு இறங்காது. அட்டைப்பெட்டியில் 100–240 வோல்ட் என்று போட்டிருப்பதன் பொருள் இதுதான். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் விற்க வசதியாக வைத்த ஏற்பாடு, டெல்டாவின் லைன் கடைசி வீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது.

"எங்கிட்ட யு.பி.எஸ். இருக்கே, இன்வெர்ட்டர் இருக்கே, அது பார்த்துக்காதா?" என்பார்கள். பார்த்துக்கொள்ளும், பாதிவரை. சாதாரண யு.பி.எஸ். லைன் போனதும் பேட்டரிக்கு மாறுவதற்குச் சில மில்லி செகண்ட் எடுத்துக்கொள்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் அதைவிடக் கூடுதலாக எடுக்கும். யு.பி.எஸ். மோடில் வைக்காமல் நார்மல் மோடில் விட்டிருந்தால் இன்னும் கூடும். அந்த இடைவெளியைத் தாண்ட வைப்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சேமிப்புதான். யு.பி.எஸ். இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் மெஷின் அணைந்து எழுந்தால் யு.பி.எஸ். பேட்டரியை மாற்றிப் பார்ப்பது வழக்கம். அது தீரவில்லை என்றால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது இந்தத் தகரப் பெட்டியை. இங்கே எதிர்த் தரப்புக்கு ஒரு நியாயமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள பெட்டிகளில் சிலவற்றுக்குச் சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர் ஒத்துப்போகாது. யு.பி.எஸ். இரையும், லோடு கூடியதாகக் காட்டும், சில சமயம் அணைந்தும் போகும். அதற்குப் பரிகாரம் சைன் வேவ் இன்வெர்ட்டர். அதை வாங்குகிற எண்ணம் இல்லாதவர், புது எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தன் இன்வெர்ட்டரில் போட்டு ஓட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விற்கிற கடைக்காரரும் சரியில்லை.

இரண்டு பெட்டிகளையும் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விலையின் மீதி நியாயமும் தெரியும். (கழற்றுகிறவர் பிளக்கைப் பிடுங்கியதும் கை வைக்க வேண்டாம். பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.) கரண்ட் நுழையும் இடத்தில் நல்ல பெட்டியில் செம்புக் கம்பி சுற்றிய காயில்கள் இருக்கும், மஞ்சள் நிறத்தில் சதுரமான கெப்பாசிட்டர் இருக்கும், நீல நிறத்தில் பட்டாணி அளவு கெப்பாசிட்டர்கள் இரண்டு இருக்கும், ஹை வோல்டேஜ் பாய்ந்தால் தான் எரிந்து மற்றதைக் காக்கும் வேரிஸ்டர் இருக்கும். விலை குறைந்த பெட்டியின் போர்டிலும் இவற்றுக்கான இடங்கள் அச்சிடப்பட்டிருக்கும், குறியீட்டு எழுத்துகளும் இருக்கும். சாமான் மட்டும் இருக்காது. காயில் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வளைத்துச் சால்டர் வைத்திருப்பார்கள். வரைந்தவர் யோசித்துத்தான் வரைந்திருக்கிறார். செய்து விற்கிறவர் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு விலையைக் குறைத்திருக்கிறார். மோட்டாரும் வெல்டிங் பட்டறையும் லைனில் ஏற்றி அனுப்பும் உதறல் எல்லாம் இந்த வாசலில்தான் நிற்க வேண்டும். வாசல் திறந்து கிடந்தால் உள்ளே போகும்.

இதே இடத்தில் ஒரு புகார் வரும், நம் பகுதியில் அடிக்கடி வரும் புகார். "பழைய எஸ்.எம்.பி.எஸ். இருந்தப்ப ஒண்ணும் இல்லீங்க, நீங்க காஸ்ட்லியா ஒண்ணு போட்டீங்க, இப்ப கேபினட்டைத் தொட்டா சுர்ருங்குது." கேட்பதற்கு, விலை கூடிய பெட்டிதான் மோசம் என்று தோன்றும். நடப்பது வேறு. நான் சொன்ன நீலக் கெப்பாசிட்டர் இரண்டில் ஒன்று லைனிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் கேபினட் உடம்புக்குப் போகிறது. உதறலை எர்த்துக்கு இறக்கிவிடுவது அவற்றின் வேலை. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் போக வழியில்லாமல் கேபினட் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கசியும் கரண்ட் மிகக் கொஞ்சம், அதனால் சுர்ரென்பதோடு நிற்கும். பழைய பெட்டியில் அந்தக் கெப்பாசிட்டர்களே இல்லை, அதனால் சுரீர் இல்லை. நல்ல பெட்டி, வீட்டில் எர்த் இல்லை என்பதைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. மூன்று பின் பிளக்கை மாட்டியிருந்தாலும் மூன்றாவது பின் சுவருக்குள் எங்கும் போகாத வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். எர்த் இல்லாவிட்டால் 3,000 ரூபாய்ப் பெட்டியின் வாசல் காவல் பாதிக்குமேல் வீண். ஆகவே "விலை கூடியதை வாங்கலாமா" என்று கேட்பவரிடம் நான் முதலில் எர்த் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கிக் கரியும் உப்பும் போட்டு எடுக்கிற எர்த்துக்கு, ஈரம் காயாத வண்டல் மண்ணைவிட நல்ல மண் கிடையாது. வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் இருப்பவர்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும்.

450 வாட் என்ற எழுத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், பன்னிரண்டால் பெருக்குங்கள். இன்றைய மெஷினில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஒன்றில் 36 ஆம்பியர் இருக்கும், 432 வாட். மற்றதில் 14, 16 ஆம்பியர் இருக்கும், இருநூறு வாட்டைத் தொடாது. பணம் கட்டும் முன் கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம், கால் நிமிஷம் ஆகாது.

அடுத்த எதிர்ப்பு வலுவானது. "எங்க ஆபீஸ்ல எழுநூறு ரூபா பெட்டி எட்டு வருஷமா ஓடுது." ஓடும். டைப் அடிக்கிற மெஷின் 70, 80 வாட்டுக்கு மேல் கேட்பதில்லை. அந்த லோடை எந்தப் பெட்டியும் இழுத்துவிடும். ஏ.சி. ரூமில், யு.பி.எஸ்.ஸில், டவுன் லைனில் இருக்கும் மெஷினுக்கு அது எட்டு வருஷமும் ஓடலாம். ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சூடுதான், வாட் அல்ல. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறினால் பாதியாகக் குறைவது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் 55 டிகிரியில் 16,000 மணி நேரம் தாங்க வேண்டும். 105 டிகிரி கெப்பாசிட்டர் அதே இடத்தில் 64,000 மணி நேரம் தாங்க வேண்டும். நாளுக்குப் பத்து மணி நேரம், வருஷத்துக்கு முந்நூறு நாள் ஓடுகிற கடை மெஷினுக்கு முன்னது ஐந்து வருஷத்துச் சொச்சம். உள்ளே 65 டிகிரி ஆனால் மூன்று வருஷம்கூட இல்லை. இங்கே 65 ஆவதற்கு எல்லா ஏற்பாடும் இருக்கிறது. தை மாதம் அறுவடை மிஷின் இறங்கிவிட்டால் ரோட்டோரக் கடைகளுக்குள் நெல் சுணை பறக்கும். ரைஸ் மில்லிலும் கொள்முதல் நிலையத்திலும் தவிட்டுத் தூசு தனி. ஐப்பசி, கார்த்திகையில் விளக்கைத் தேடி வரும் பச்சைத் தத்துப்பூச்சி ஃபேன் வழியாக உள்ளே போய்க் குவியும். மழை ஈரத்தில் அந்தத் தூசும் பூச்சியும் ஒட்டிக்கொண்டு ஒரு தகடு மாதிரி ஆகிவிடும், காற்று போகாது. சித்திரை வெயிலில் ஃபேன் சுற்றியும் பயனில்லாமல் கெப்பாசிட்டரின் தலை உப்பும். உப்பிய பிறகும் உடனே நிற்காது. 12 வோல்ட்டில் சிற்றலை கூடும். ஏ.டி.எக்ஸ். அனுமதிக்கும் 120 மில்லி வோல்ட்டைத் தாண்டிப் போகும். மல்டிமீட்டர் வைத்தால் 12 என்றே காட்டும், அது சராசரியைத்தான் காட்டும். மெஷின் காரணமில்லாமல் தொங்கும், விண்டோஸ் நீலத் திரை காட்டும், ஹார்ட் டிஸ்கில் பேட் செக்டர் வரும். வாடிக்கையாளர் வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் போடக் கொண்டுவருவார். மட்டமான கெப்பாசிட்டர் எவ்வளவு நஷ்டம் செய்யும் என்பதை உலகமே 2000ஐ ஒட்டிய வருஷங்களில் பார்த்தது. டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் மெஷின்களின் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பியதைச் சரிசெய்ய 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. சில ரூபாய்ச் சாமான் அது.

கரண்ட் பில்லை மிச்சப்படுத்தலாம் என்று சொல்லி விலை கூடிய பெட்டியைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அது பலவீனமான வாதம். உள்ளே 70 வாட் வேண்டிய மெஷினுக்கு 70 சதவீதத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 100 வாட் இழுக்கும், 85 சதவீதப் பெட்டி 82 வாட் இழுக்கும். வருஷத்துக்கு 3,000 மணி நேரத்தில் மிச்சம் 54 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 378 ரூபாய். கொடுத்த 2,300 திரும்பிவர ஆறு வருஷம் ஆகும். எய்ட்டி பிளஸ் என்ற திறன் முத்திரையில் ப்ரான்ஸிலிருந்து கோல்டுக்குப் போனால் இன்னும் ஐந்து சதவீதம், வருஷத்துக்குப் பதினான்கு யூனிட்கூட இல்லை. இந்த எய்ட்டி பிளஸ் முத்திரை 2004இல் அமெரிக்காவில் தொடங்கியது, ப்ரான்ஸ், சில்வர், கோல்டு பிரிவுகள் 2008இல் வந்தன. அது அளப்பது திறனை மட்டும், அதுவும் இதமான அறை வெப்பத்தில் வைத்து. வேரிஸ்டர் இருக்கிறதா, கெப்பாசிட்டர் எத்தனை டிகிரி என்று அது சொல்லாது. ஆனாலும் முத்திரையை முழுக்க ஒதுக்கிவிடவும் முடியாது. அந்தத் திறனை எட்டும் அளவுக்கு உள்ளே சாமான் போட்ட கம்பெனி வாசலைத் திறந்து போடுவது அபூர்வம். விலை ஏறுவதால் மட்டும் தரம் ஏறாது என்பதும் உண்மை. 6,000, 8,000 ரூபாய்ப் பெட்டிகளில் நீங்கள் கூடுதலாகப் பெறுவது கழற்றி மாட்டும் கேபிளும் சத்தமில்லாத ஃபேனும் பெரிய கிராபிக்ஸ் கார்டைத் தாங்கும் வாட்டும்தான். டி.டி.பி. கடைக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

எவ்வளவு விலை கொடுத்தாலும் தாங்காத அடி ஒன்று உண்டு. டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் கட்டாகிவிட்டால் வீட்டுக்குள் 400 வோல்ட்டை ஒட்டி நுழையும். டி.சி.யாக்கினால் 560க்கு மேல். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் தாங்கு அளவு 400, 450. இரண்டு பெட்டியுமே போகும். வித்தியாசம் எதைக் கூட்டிக்கொண்டு போகிறது என்பதில்தான். நல்ல பெட்டியில் வேரிஸ்டரும் ஃபியூஸும் முதலில் போகும், 12 வோல்ட் எல்லை தாண்டினால் தன்னையே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பும் இருக்கும். பெரும்பாலும் சேதம் பெட்டியோடு நிற்கும். பாதுகாப்பு இல்லாத பெட்டி மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்து முடித்துவிடுவதுண்டு. நல்ல பெட்டி தாங்கும் சோதனையும் உண்டு. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறியபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நாள்கணக்கில் ஜெனரேட்டரில்தான் வேலை நடந்தது. வாடகை ஜெனரேட்டரின் வோல்டேஜும் ஹெர்ட்ஸும் லோடுக்கு லோடு ஆடும். 100–240 வோல்ட்டை ஏற்கும் பெட்டிக்கு அந்த ஆட்டம் பெரிதில்லை.

இதிலிருந்து எல்லாரும் மாற்றியாக வேண்டும் என்று பொருள் இல்லை. பையன் பழகுவதற்கு வைத்திருக்கும் பத்து வருஷத்துப் பழைய மெஷினுக்கு, மொத்தமே 4,000 ரூபாய் பெறாததற்கு, 3,000 ரூபாயில் எஸ்.எம்.பி.எஸ். போடுவதை நானே தடுப்பேன். லேப்டாப்புக்கு மாறியவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், பேட்டரி அங்கே எல்லா வெட்டையும் விழுங்கிவிடுகிறது. சான்றிதழ் எடுக்க வந்த ஜனம் வரிசையில் நிற்கும் இ-சேவை மையம், கல்யாண ஆல்பம் அடுக்கிவைத்திருக்கும் ஸ்டுடியோ, உறுப்பினர் கணக்கு முழுவதும் இருக்கும் கூட்டுறவுச் சங்கம், ரைஸ் மில் ஆபீஸ் இவற்றின் கணக்கு வேறு. அங்கே 2,300 ரூபாயை ஒரு பெட்டியின் விலையோடு ஒப்பிடக்கூடாது, ஒருநாள் வேலை நிற்பதோடும் ஒரு ஹார்ட் டிஸ்கோடும் ஒப்பிட வேண்டும்.

ஆக வாங்கப் போகிறவருக்கு: 450 வாட், ப்ரான்ஸ் முத்திரை, ஆக்டிவ் பி.எஃப்.சி., 100–240 வோல்ட், 12 வோல்ட்டில் 30 ஆம்பியருக்குக் குறையாமல், மூன்று வருஷ வாரண்டி. பூதலூரில் ஒரு கடை மெஷினுக்கு இது போதும், இதற்குக் குறைவாக வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு முறை, தை அறுவடை முடிந்தும் கார்த்திகை மழை விட்டும், ப்ளோயர் வைத்துத் தூசு எடுக்கச் சொல்லுங்கள். கரண்ட் போய் வந்தால் உடனே ஸ்விட்சைத் தட்டாமல் ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்கள். இன்னும் ரூபாய் மிச்சம் இருந்தால் கோல்டு முத்திரைக்குச் செலவழிக்காதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள்.